ஆங்கிலப் பேச்சுத் தேர்வும் நாம் போற்றும் படைப்பாளியும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., அவர்கள் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பொதுவாகப் பேசிவிட்டு அமர்வது எளிது. இன்று காலை முதல் எனக்கு முன் பேசிய நால்வரும் அதனைச் சிறப்பாகச் செய்துவிட்டார்கள். ஆதலின் நான் மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். அது இரண்டு நிமிடப் பேச்சு. அந்த இரண்டு நிமிடத்தில் நம் பிள்ளைகள் பலர் தடுமாறித் திரும்புகிறார்கள் என்பதால்தான் அதனைப் பேச வேண்டியிருக்கிறது.

நம் தெருக்களிலிருந்து இப்பொழுது வெளிநாடு செல்ல விரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். செவிலியர் பட்டம் பெற்ற பெண்கள், பொறியியல் முடித்த ஆண்கள், மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் இருபாலர் ஆகிய இவர்களில் பெரும்பாலோர் கடந்து தீரவேண்டிய வாயில் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் தேர்வு. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என அதற்கு நான்கு பகுதிகள். முதல் மூன்றில் நம் பிள்ளைகள் உழைப்பால் தேறிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள எழுத்தில் 6.5 போதும்; பேச்சில் 7 வேண்டும். அந்த ஏழுதான் நமக்கு மலையாக நிற்கிறது.

பேச்சுத் தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேர்வாளர் ஒருவர், மாணவர் ஒருவர். மொத்தம் 11 முதல் 14 நிமிடம். பேசுவது முழுதும் ஒலிப்பதிவு செய்யப்படும். முதற்பகுதியில் ஊர், வீடு, படிப்பு பற்றி எளிய வினாக்கள். இரண்டாம் பகுதியில் தேர்வாளர் ஓர் அட்டையைக் கையில் கொடுப்பார். அதில் ஒரு தலைப்பும் அதன்கீழ்ச் சில துணைக் குறிப்புகளும் இருக்கும். சிந்திக்க ஒரு நிமிடம்; குறித்துக்கொள்ளத் தாளும் பென்சிலும் தருவார்கள். பிறகு ஒன்று முதல் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேச வேண்டும். மூன்றாம் பகுதியில் அதே தலைப்பை ஒட்டிச் சற்று ஆழமான வினாக்கள் வரும்.

அந்த அட்டைகளில் அடிக்கடி காணப்படும் தலைப்புகளுள் ஒன்று, நீங்கள் போற்றும் படைப்பாளி ஒருவரைப் பற்றிப் பேசுக என்பது. அவர் யார், அவரை எவ்வாறு அறிந்தீர்கள், அவர் எதனைப் படைக்கிறார், அவரை ஏன் போற்றுகிறீர்கள் என்னும் போக்கில் குறிப்புகள் அமைந்திருக்கும். எழுத்தாளர், ஓவியர், இசைஞர், நடிகர் என எவரையும் எடுத்துக்கொள்ளலாம். கேட்பதற்கு இதைவிட எளிய வினா உண்டோ என்று தோன்றும்.

என்னிடம் பத்தாம் வகுப்புப் பயின்று, பின்னர் செவிலியர் பட்டம் பெற்ற மாணவி ஒருத்திக்கு இத்தலைப்பே வந்தது. பயிற்சி மையம் ஒன்றில் அச்சிட்டுக் கொடுத்த தாளிலிருந்து ஸ்பெயின் நாட்டு ஓவியர் பிக்காசோவைப் பற்றி அவள் மனப்பாடம் செய்திருந்தாள். ஒன்றரை நிமிடம் பிழையின்றி ஒப்பித்தாள். மூன்றாம் பகுதியில் தேர்வாளர், "அவருடைய ஓவியங்களில் உங்கள் மனத்தைத் தொட்டது எது?" என்றும், "உங்கள் ஊரில் கலைஞர்கள் எவ்வாறு உருவாகிறார்கள்?" என்றும் கேட்டிருக்கிறார். அவள் ஊமையானாள். மதிப்பெண் 5.5.

ஒரு மாலையில் அவள் தன் தந்தையுடன் என் வீட்டிற்கு வந்தபோது கேட்டேன்: "பிக்காசோ படம் எதையாவது பார்த்திருக்கிறாயா அம்மா?" இல்லை என்றாள். "அப்படியானால் கலைஞர் ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது உண்டா?" நெடுநேரம் தயங்கினாள். பிறகு சொன்னாள்: "எங்க பெரியப்பா தப்பு அடிப்பாங்க சார். அதப் போயி எப்படி சார் சொல்றது?"

நண்பர்களே! "எப்படிச் சொல்வது" என்ற அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மற்றொன்று, வாய்விட்டு எப்படிச் சொல்வது? முதலாவது ஆங்கில ஆசிரியனாகிய என்னுடைய வேலை. இரண்டாவது நம் எல்லோருடைய வேலை. கடினமானதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

தப்பு என்று நம் தஞ்சைப் பகுதியில் வழங்கும் பறையைப் பற்றி இந்த அவையிலேயே இருவேறு கருத்துகள் உண்டு; அதனை மறைக்க வேண்டியதில்லை. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர், இனிமேல் சாவு வீட்டிற்குத் தப்பு அடிக்கப் போகமாட்டோம் என்று சொல்லி, அதற்காகக் கூலியும் களத்து நெல்லும் இழந்தவர்கள். ஊரார் கட்டளைக்காக, கொடுத்ததை வாங்கிக்கொண்டு, இரவெல்லாம் வாசலுக்கு வெளியே நின்று அடிப்பதைத் தன்மானம் உள்ளவர் எவரும் கைவிடவே செய்வர். மராட்டியத்தில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாடு தூக்கும் வேலையைக் கைவிடச் சொன்னதும் இதே காரணத்தால்தான். அந்தப் பெரியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அதே தப்பைக் கல்லூரி மேடையில் எடுத்து அடிக்கும்போது, பெரியவர்களுக்கு மனம் கசப்பது இயல்பே. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கைவிட்டது அடிமை வேலையை. அந்தத் தோலிலும் மரத்திலும் குற்றம் எதுவும் இல்லை. தான் விரும்பிய நேரத்தில், விரும்பிய மேடையில், பேசிய ஊதியத்துக்கு வாசிப்பவன் வேறு மனிதன். மதுரை மாவட்டம் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது வந்ததால்தான் பறைக்கு மதிப்பு என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்பும் அந்த மதிப்பு இருந்தது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது பறையையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்கிறது.

பறைதல் என்றால் சொல்லுதல் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் பேசுவதற்கு அதுதான் சொல். பேச்சுத் தேர்வுக்குப் போகும் பிள்ளை பறையைப் பற்றிப் பேசக் கூசுவது எனக்குச் சற்று விந்தையாகவே படுகிறது.

இன்னொரு செய்தி. ஆங்கிலத்தில் 'பரையா' என்றொரு சொல் உண்டு. யாவராலும் ஒதுக்கித் தள்ளப்பட்டவர் என்பது அதன் பொருள். உலக நாடுகள் சேர்ந்து ஒரு நாட்டை ஒதுக்கி வைத்தால், அதனை 'பரையா ஸ்டேட்' என்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அந்தச் சொல் எங்கிருந்து சென்றது? பறையர் என்ற நம் தமிழ்ச் சொல்லே பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குள் புகுந்தது. பின்னர் வசைச்சொல்லாக விரிந்தது. எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு அதற்குள் ஒரு வாத்தியம் இருக்கிறது என்பது தெரியும்? எதிரே அமர்ந்திருக்கும் தேர்வாளருக்கு இதனை அமைதியாக, சினமின்றிச் சொல்லிப் பாருங்கள். உங்கள் மொழியில் இழிவாக வழங்கும் இச்சொல், என் மொழியில் ஓர் இசைக்கருவியின் பெயரிலிருந்து வந்தது. அதனை வாசிக்கும் ஒருவரைப் பற்றித்தான் நான் பேசப்போகிறேன் என்று தொடங்கலாம். இதைவிடச் சிறந்த தொடக்கத்தை எந்தப் பயிற்சி மையமும் அச்சிட்டுத் தர முடியாது.

இப்படித் தொடங்குவதற்கு முன்னோடிகள் நமக்கு உண்டு. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு எத்தனையோ நல்ல பெயர்கள் கிடைத்திருக்கும். அவர் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அதே மனிதர் 1930இல் அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்று, ஆங்கிலேயர் நடுவில் நம் மக்களுக்காகப் பேசினார். அதற்கு அஞ்சாதவர்களின் வழிவந்தவர்கள், பதினான்கு நிமிடம் ஒரே ஒரு தேர்வாளர்முன் அமர்வதற்கா அஞ்சுவது?

சரி, யாரைப் பற்றிப் பேசலாம்? என்னைக் கேட்டால், முதலில் முனைவர் கே. ஏ. குணசேகரன் அவர்களைச் சொல்வேன். 1955ஆம் ஆண்டில் சிவகங்கைச் சீமையில் இளையான்குடிக்கு அருகிலுள்ள மாரந்தையில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். பாடகர், நாட்டுப்புறக் கலை ஆய்வாளர், நாடகாசிரியர், பேராசிரியர் என அவருக்குப் பல முகங்கள். வயற்காட்டில் பாடப்படும் பாட்டுகளை மேடைக்குக் கொண்டுவந்தார். 'தன்னானே' என்ற பெயரில் கலைக்குழு அமைத்து ஊர் ஊராகப் பாடினார். கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' என்னும் பாட்டு இவருடைய குரலில்தான் தமிழ்நாடெங்கும் பரவியது. நம்மையும் மனிதராக மதி என்று ஊரைப் பார்த்துக் கேட்கும் பாட்டு அது. 1968 டிசம்பர் 25 இரவில், கூலி நெல்லைச் சற்று உயர்த்திக் கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த இந்தக் கீழத்தஞ்சை மண்ணில், அந்தப் பாட்டைக் கேட்டவர் எவரும் எளிதில் எழுந்து செல்ல முடியாது. 2017இல் அம்ஷன் குமார் இயக்கிய திரைப்படம் ஒன்று அப்பாட்டின் பெயரையே தாங்கி வந்தது. இறந்தவரின் உடலைப் பொதுவழியில் எடுத்துச் செல்லும் உரிமைக்காக ஒரு மகன் போராடுவதே அதன் கதை. நம் காவிரிப் படுகையில் 2016இல் நடந்த நிகழ்ச்சியே அதற்கு அடிப்படை.

குணசேகரன் தம் இளமை வாழ்க்கையை 'வடு' என்னும் நூலாக எழுதினார். 2005இல் வெளிவந்தது, வி. காதம்பரி அவர்களின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் தமிழ் நூலையும் ஆங்கில நூலையும் அருகருகே வைத்துப் படியுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். ஏனெனில், நம் வாழ்க்கைக்குரிய ஆங்கிலச் சொற்களை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சேரியை எப்படிச் சொல்வது, உதவித்தொகைக்காக வகுப்பில் சாதிப் பெயரைக் கேட்கும்போது பிள்ளையின் உள்ளம் கூசுவதை எப்படிச் சொல்வது, இளையான்குடி இசுலாமியக் குடும்பங்கள் முறைப்பெயர் சொல்லி அழைத்ததை எப்படிச் சொல்வது என்பதையெல்லாம் ஒருவர் முன்பே உழுது பண்படுத்தி வைத்திருக்கிறார். நாம் நாற்றை ஊன்றினால் போதும். அவர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறைப் பேராசிரியராகவும், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார். 2016 ஜனவரியில் மறைந்தார்.

மறைந்தார் என்று சொன்னதும் ஆங்கில ஆசிரியன் எழுந்துவிடுகிறான், பொறுத்துக்கொள்ளுங்கள். மறைந்தவரைப் பற்றிப் பேசும்போது வினைகள் யாவும் இறந்த காலத்தில் நிற்க வேண்டும். உயிரோடிருப்பவரைப் பற்றிப் பேசும்போது வேறொரு தொல்லை வரும். "இருபது ஆண்டுகளாக வாசித்து வருகிறார்" என்பதை நம் பிள்ளைகள் "ஹி இஸ் பிளேயிங் சின்ஸ் ட்வென்டி இயர்ஸ்" என்கிறார்கள். தமிழ் வாக்கியத்தின் நிழல் அதில் விழுந்திருக்கிறது. "ஹி ஹாஸ் பீன் பிளேயிங் ஃபார் ட்வென்டி இயர்ஸ்" என்பதே வழக்கு. படைப்பாளியைப் பற்றிய பேச்சில் இவ்வகை வாக்கியம் கட்டாயம் ஓரிடத்திலாவது வரும். ஆகவே இது ஒன்றை மட்டும் நூறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை நம் மரியாதையால் வருவது. நாம் ஆணையும் அவர் என்கிறோம், பெண்ணையும் அவர் என்கிறோம். ஆதலால் பெண் படைப்பாளரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது நாக்கு தானாகவே 'ஹி' என்று தொடங்கிவிடுகிறது. தேர்வாளர் குழம்புகிறார், மதிப்பெண் குறைகிறது. எழுத்தாளர் பாமா அவர்களைப் பற்றிப் பேச விரும்பும் தங்கைமார்கள் இதில் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும்.

பாமாவை எடுத்துக்கொண்டால் ஒரு நன்மை உண்டு. அவருடைய 'கருக்கு' 1992இல் வெளிவந்தது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்து, கிராஸ்வேர்டு விருது பெற்றது. கருக்கு என்றால் என்ன? பனைமட்டையின் இரு ஓரங்களிலும் அரம்போல் இருக்கும் கூர். கையில் எடுத்தால் இரண்டு பக்கமும் அறுக்கும். தலைப்பின் பொருளை இவ்வாறு விளக்கினாலே அரை நிமிடம் போய்விடும். கேட்பவர் கண்முன் ஒரு காட்சியும் நிற்கும். துறவு மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதி இருப்பதைக் கண்டு வெளியேறி, பள்ளி ஆசிரியையாக வாழ்ந்த ஒரு பெண், தெருவில் பேசும் தமிழிலேயே ஒரு நூலை எழுதத் துணிந்தார் என்றால், ஏன் போற்றுகிறீர்கள் என்ற வினாவுக்கு விடை அதிலேயே அடங்கியிருக்கிறது.

இளையராஜாவைப் பற்றிப் பேசலாமா என்று பல தம்பிமார்கள் கேட்கிறார்கள். தாராளமாகப் பேசலாம். 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியதால், தேர்வாளருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. ஆனால் அவர் எத்தனை படங்களுக்கு இசையமைத்தார், என்னென்ன விருது பெற்றார் என்று பட்டியல் படிக்காதீர்கள். ஒரே ஒரு பாட்டை எடுத்து, அதில் எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழையும்போது உங்கள் மயிர்க்கால் சிலிர்க்கிறது என்று சொல்லுங்கள். தஞ்சையில் ஒரு சாலைக்கே பெயராய் நிற்கும் ஆபிரகாம் பண்டிதர் மீது எனக்குத் தனி அன்பு உண்டு. அவரும் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். சித்த மருத்துவம் செய்து ஈட்டிய பணத்தை இசை ஆராய்ச்சியில் கொட்டி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டவர். எனினும் சுருதிக் கணக்கை இரண்டு நிமிட ஆங்கிலத்தில் விளக்கப் புகுந்தால் வெளியேற வழி தெரியாது. அவரை இசை பயின்றவர்களுக்கு விட்டுவிடலாம்.

அண்ணல் அம்பேத்கரையே சொல்கிறோம் என்பவர்களும் உண்டு. உங்கள் உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அட்டை கேட்பது படைப்பாளியை. அவரைச் சொன்னால் வாழ்க்கை வரலாற்றுக்குள் போய்விடுவீர்கள். தேர்வாளருக்குத் தலைப்பு நழுவியதாகத் தோன்றும். தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசுக என்ற அட்டையும் இருக்கிறது. அவரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, அந்தப் பெரியப்பாவிடம் வருகிறேன். அட்டையில் புகழ்பெற்றவர் என்ற சொல் இல்லை. எனவே பெரியப்பாவைப் பற்றியே பேசலாம். அம்மாவைப் பற்றியும் பேசலாம். மேட்டூர் அணை திறந்து வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் தண்ணீர் வந்து, நாற்றுமுடி வயலில் விழுந்த காலத்தில் நம் தாய்மார்கள் பாடிய நடவுப் பாட்டுகளை யார் இயற்றினார்கள்? முன்னே நிற்பவர் ஓர் அடியை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வரப்பில் குடையோடு நிற்கும் காரியக்காரரைப் பற்றி அந்த நேரத்திலேயே ஓர் அடி புதிதாய்ப் பிறக்கும். அவருக்குப் புரிந்தும் புரியாமலும் போகும். வரிசை முழுதும் சிரிக்கும். முதுகு வளைந்து, முழங்கால் சேற்றில் நின்றபடி, மெட்டும் கெடாமல், நாற்றின் இடைவெளியும் கெடாமல், உடனுக்குடன் பாட்டுக் கட்டுவதைப் படைப்பாற்றல் என்று சொல்லாமல் வேறு எதனைச் சொல்வது? இப்பொழுது பல வயல்களில் நடவு எந்திரம் இறங்கிவிட்டது. எந்திரத்தின் ஓசைக்குமேல் பாட முடியாது. முதுகுவலி குறைந்தது நல்லதே, பாட்டும் போயிற்று. புதுமை வரும்போது பழங்கலை என்னாகிறது என்று மூன்றாம் பகுதியில் கேட்டால், இதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும்.

பெரியப்பாவின் தப்பை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? பொருளைக் கண்ணால் பார்ப்பதுபோல் சொல்ல வேண்டும். மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி இணைத்த வட்டச் சட்டம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டிய தோல். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி. இடக்கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி. தொடங்குமுன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார்கள். சூடேறினால் தோல் விறைத்துக் குரல் உயரும். இத்தகைய கருவிக்கு ஆங்கிலத்தில் 'பிரேம் டிரம்' என்று பெயர். உலகின் பல நாடுகளில் இதன் உறவுக் கருவிகள் உள்ளன. அயர்லாந்து நாட்டின் 'பவ்ரான்' அவற்றுள் ஒன்று; வட்டச் சட்டத்தில் ஆட்டுத்தோல் கட்டியது. அங்கே அதனை வாசிப்பவரை எவரும் ஊருக்கு வெளியே குடியிருக்கச் சொல்வதில்லை.

தமிழில் மிருதங்கத்தையும் நாயனத்தையும் வாசிக்கிறார்கள். நம் தப்பை மட்டும் அடிக்கிறார்கள். வினைச்சொல்லிலேயே படி வைத்துவிட்டோம். ஆங்கிலத்தில் வயலினுக்கும் தப்புக்கும் 'பிளே' என்ற ஒரே சொல் போதும். அந்த மாணவிக்கு இதனைச் சொன்னபோது, அவள் முகம் மலர்ந்ததைக் கண்டேன். தப்பு என்ற சொல்லுக்குப் பிழை என்ற பொருளும் தமிழில் உண்டு என்பதைத் தேர்வாளரிடம் ஒரு வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கை பேச்சுக்கு உயிர் தரும்.

மதிப்பெண் எதற்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தடையின்றித் தொடர்புடன் பேசுதல், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்னும் நான்கிற்கும் சம அளவில் மதிப்பெண். நீங்கள் போற்றும் மனிதர் உலகப் புகழ் பெற்றவரா என்பதற்கு மதிப்பெண் இல்லை. உங்கள் கருத்து தேர்வாளருக்கு உடன்பாடா என்பதற்கும் இல்லை. ஆங்கிலேயரைப்போல் மூக்கால் பேச வேண்டியதும் இல்லை. நம் தஞ்சாவூர் வாயால் பேசினாலும் சொல் தெளிவாக விழுந்தால் போதும். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்னாமல், 'ப', 'ஃப' ஓசைகளை வேறுபடுத்திச் சொன்னால் பாதிக் குறை தீரும். ஆனால் மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அதனைக் கண்டுபிடிக்கத் தேர்வாளர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். தாமே கண்டதைச் சொல்பவரின் பேச்சு நின்று, யோசித்து, மீண்டும் ஓடும். ஒப்பிப்பவரின் பேச்சோ ஒரே சீராய் ஓடி, வினா மாறியதும் கவிழும். இரண்டு நிமிடம் ஆனதும் தேர்வாளர் இடையில் நிறுத்துவார். அதனைக் கண்டு கலங்க வேண்டாம். நேரம் முடிந்தது என்பதற்குமேல் அதற்குப் பொருள் இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். இத்தேர்வுக் கட்டணம் 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. நம் குடும்பங்களில் ஒரு நடவுக் காலத்து வருவாயே அதற்குச் சரியாகிவிடும். மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். எனவே அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். பிள்ளை ஆயத்தமான பிறகு கட்டுங்கள். தாட்கோ நிறுவனம் ஆதிதிராவிட, பழங்குடி இளைஞர்களுக்கு இத்தேர்வுக்கான பயிற்சியை அளித்து வந்திருக்கிறது. அறிவிப்பு வரும்போது தவறவிடாமல் விண்ணப்பிக்க வேண்டும். மேற்படிப்புக்குச் செல்வோர் ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பற்றியும், தமிழக அரசின் வெளிநாட்டு உயர்கல்வி உதவி பற்றியும் ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டு அறியுங்கள். தரகர்களிடம் கேட்காதீர்கள்.

அந்த மாணவி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவள் இன்னும் இரண்டாம் முறை தேர்வுக்குச் செல்லவில்லை. அடுத்த மாதம் போகிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை தன் பெரியப்பாவிடம் உட்கார்ந்து, எந்த மரம், எந்தத் தோல், சாவுக்கு எந்த அடி, சாமி புறப்பாட்டுக்கு எந்த அடி என்று இரண்டு மணி நேரம் கேட்டு எழுதியிருக்கிறாள். பெரியவர் முதலில், "இதெல்லாம் எதுக்கும்மா ஒனக்கு?" என்றாராம். பிறகு அவரே பரணிலிருந்து தப்பை இறக்கிக் காட்டினாராம். பதினெட்டு ஆண்டுகளாக அவர் அதனைத் தொடவில்லை.

செயலாளர் அவர்கள் அன்புடன் இசைந்ததன் பேரில், வரும் சனிக்கிழமை முதல் மாலை ஆறு மணிக்கு இச்சங்கக் கட்டடத்தில் பேச்சுப் பயிற்சி நடைபெறும். கட்டணம் இல்லை. முப்பது அட்டைகள் எழுதிப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஒரு நோட்டும், ஒலிப்பதிவு செய்யத் தொலைபேசியும் கொண்டுவர வேண்டும். முதல் வாரத்துக்குரிய தலைப்பு நீங்கள் போற்றும் படைப்பாளி. பேசப்போகும் மனிதரிடம் வெள்ளிக்கிழமைக்குள் சென்று குறைந்தது பத்துக் கேள்விகள் கேட்டு, விடைகளைத் தமிழில் எழுதி வாருங்கள். ஆங்கிலமாக்குவதைச் சேர்ந்து செய்வோம். மனிதரிடம் செல்ல இயலாதவர்களுக்காக 'வடு', 'கருக்கு' ஆகிய நூல்களின் தமிழ்ப் படிகளும் ஆங்கிலப் படிகளும் நம் நூலகத்தில் வாங்கி வைக்கப்பட்டுள்ளன. தப்பு கற்றுத்தர முன்வரும் பெரியவர்கள் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.